சுதா ஓட்டிப் பார்த்த மணல் கணக்கு

1

ஞாயிற்றுக்கிழமை நெய்வேலிக்குப் போன் போட்டால் அப்பா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “இன்னும் கான்ட்ராக்ட்டுதானாம்மா?”

இந்த வாரத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடம் முடிகிறது. ஐந்து வருடமாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். “ஆமாம்ப்பா.” அதன் பிறகுதான் சாப்பாடு, மழை, பேத்தி எல்லாம்.

அப்பா சுரங்கத்தில் பத்தொன்பது வருடம் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவர். மேல்மண்ணை வெட்டி எடுத்துப்போகும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து மண் சிந்திக்கொண்டே இருக்கும். அதை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவதுதான் வேலை. முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கொல்லையில் முந்திரி பொறுக்கிய குடும்பங்கள். எங்களுக்கு பர்மனென்ட் என்பது நிலத்துக்குப் பதிலாக வந்த சொல். ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கும்போது அப்பாவுக்கு அது கிடைத்தது. அன்றைக்கே அவர் வடலூர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு இரும்பு பீரோ வாங்கி, மினி லாரியில் ஏற்றி, தானும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டே ஊருக்குள் வந்தார்.

அப்படிப்பட்டவரிடம் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய மகள், ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பவள், இரண்டிரண்டு வருடக் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள் என்பதை எப்படி விளக்குவது? “டாக்டர் பட்டம் வாங்குன புள்ளயக்கூடவா அப்டி வெச்சிருக்கானுவ” என்று ஒருமுறை கேட்டார். என்னைவிட அந்தப் பட்டத்துக்காகத்தான் வருத்தப்பட்டதுபோல இருந்தது.

நாங்கள் இருப்பது டோர்ட்முண்ட் நகரத்தில். கணவர் பிரபு ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். மகள் மகிழினிக்கு எட்டு வயது. மூன்று பேரின் விசாவும் என் வேலைக் கடிதத்தில் தொங்குகிறது. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பதற்கு ஜெர்மன் மொழித் தேர்வு ஒன்றைத் தாண்ட வேண்டும். நான் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றிருக்கிறேன்.

போன வருடம் மே மாதம் விசாவை நீட்டிப்பது பற்றிக் கேட்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இங்கே அப்பா பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர் என்பதால் “ஃப்ராவ் ஏழுமலை”, அதாவது திருமதி ஏழுமலை, என்று கூப்பிட்டார்கள். எதிரே இருந்த பெண்மணி வேலை எப்போது முடிகிறது என்று கேட்டார். நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அவ்வளவு நீளமான சொற்பொழிவா?” என்றார். ஒப்பந்தத்துக்கு ஜெர்மனில் ஃபெர்ட்ராக். சொற்பொழிவுக்கு ஃபோர்ட்ராக். ஓர் எழுத்து வழுக்கியதில், என் சொற்பொழிவு செப்டம்பர் மாதத்தோடு முடிகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

நானும் சிரித்தேன். புதிய ஒப்பந்தக் கடிதம் இருந்தால் நீட்டிப்பதில் சிக்கல் இல்லை, அது இல்லாமல் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

2

என் வேலை தாளும் பேனாவும் வைத்துச் செய்வது. ஈரமணல் மேடு எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் மொத்தமாகச் சரியும் என்பதற்கு ஒரு கோட்பாட்டு மாதிரி உருவாக்கியிருந்தேன். மேட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. ஒன்று உடைந்தால் அது சுமந்த பாரம் மற்றவற்றின் மேல் விழும். அதில் இன்னொன்று உடையும்.

உடைந்ததன் பாரம் யார் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி. மணல் ஈரமாக இருப்பதால் பாரம் வெகுதூரம் பரவும், ஆகவே மிச்சமிருக்கும் எல்லாக் கட்டங்களும் அதைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். அப்படி வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு எண் கிடைக்கிறது. மேடு சின்னதோ பெரியதோ, அந்த எண்வரை தாங்கும், தாண்டினால் சரியும். எழுதி முடித்த அன்று அந்தச் சூத்திரத்தை நான் நாலைந்து முறை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். அதைப் படித்துக் கருத்துச் சொன்னவர், எல்லாம் நன்றாக இருக்கிறது, கணினியில் ஓட்டி ஒரு முறை சரிபார்த்துக் காட்டினால் ஏற்கலாம் என்று எழுதியிருந்தார். இரண்டு மாதம் அவகாசம். கட்டுரை ஏற்கப்பட்டால் என் கான்ட்ராக்டை இரண்டு வருடம் நீட்டக் கேட்பதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய, அதிகம் பேசாத பெண்மணி அவர்.

எங்கள் குழுவில் நிரல் எழுதிக்கொண்டிருந்த மாணவர் அந்த மாதம்தான் வேறு வேலைக்குப் போனார். எனக்குப் பைதான் நிரல்மொழியில் இருபது வரி எழுதுவதற்குள் நெற்றி வியர்க்கும். அப்போதுதான் சுதாவின் நினைவு வந்தது.

3

சுதா என் தம்பி செந்திலின் மனைவி. காடாம்புலியூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஆறு வருடம் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்த்தவள். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். செந்தில் அனல் மின் நிலையத்தில் பர்மனென்ட். ஷிப்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அம்மா இறந்த பிறகு அப்பாவும் அவர்களோடுதான் இருக்கிறார்.

குழந்தை பிறந்ததும் சுதா வேலையை விட்டாள். விட்டாள் என்று எழுதிவிட்டேன். விடச் சொன்னவள் நான். அம்மா இறந்த வருடம் அது. அப்பா ஊரில் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறார் என்று கேள்விப்பட்டு, சென்னைக்குப் போன் போட்டு, வேலை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று அவளிடம் அரை மணி நேரம் பேசினேன். அப்போது எனக்கு இந்த ஜெர்மனி வேலைக்கான கடிதம் வந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. “சரிங்க அண்ணி” என்றாள். அடுத்த மாதம் நெய்வேலிக்கு வந்துவிட்டாள்.

ஆகவே, நிரல் எழுதித் தர முடியுமா என்று கேட்டபோது அவளுக்கு நான் ஏதோ உதவி செய்வதாகத்தான் என் மனதில் இருந்தது. வீட்டில் சும்மா இருக்கிறாளே, கை பழகியதாக இருக்கட்டும் என்று. அவள் உடனே சரி சொல்லவில்லை. இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி என்றாள். விதிகளை நான் எழுதி அனுப்புகிறேன், நீ அதை நிரலாக்கினால் போதும் என்றேன். இரண்டு நாள் கழித்து முப்பத்தொரு கேள்விகள் கொண்ட ஒரு கோப்பு வந்தது. ஓரத்தில் இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம் எது? இரண்டு கட்டம் ஒரே நேரத்தில் உடைந்தால் எதை முதலில் கணக்கில் எடுப்பது? பாரம் பரவும் தூரம் எத்தனை கட்டம்? சிலவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துச் சொல்ல ஒரு வாரம் ஆனது.

செந்தில் காலை ஷிப்டுக்கும் குழந்தை பள்ளிக்கும் போன பிறகு அவள் உட்காருவாள். நான் இங்கே எழுந்து பல் துலக்கும்போது அங்கிருந்து படங்கள் வந்திருக்கும். பழைய லேப்டாப் என்பதால் ஒரு முறை ஓட்டினால் சாயந்திரம்வரை ஓடும். அதற்குக் காவல் அப்பா. கேபிள்காரர் வந்தாலும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா சர்க்கரை கேட்டு வந்தாலும், “புள்ள மணல் கணக்கு ஓடிக்கினு இருக்குது, ஸ்விட்ச்சு பக்கம் போவாதீங்க” என்பாராம். மணல் அள்ளியே ஆயுசு கழிந்த தனக்கு, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதே பெரிய அதிசயம் என்று செந்திலிடம் சொன்னாராம்.

முதல் முடிவுகள் வந்தன. ஒரு பக்கத்துக்கு ஐம்பது கட்டம் வீதம் போட்டு ஓட்டியது, நூறு போட்டு ஓட்டியது. இரண்டிலும் புள்ளிகள் என் சூத்திரம் போட்ட கோட்டின் மேல் பாசிமணி கோத்ததுபோல உட்கார்ந்திருந்தன. நான் அந்தப் படத்தைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் ஒற்றை வரியில் பாராட்டி, கான்ட்ராக்ட் நீட்டிப்புக்கான தாள்களை அலுவலகத்தில் தயார் செய்யச் சொன்னார். இன்னும் பெரிய கட்டத்துக்கு ஒரு தடவை ஓட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று சுதாவிடம் சொன்னேன்.

4

அதன் பிறகு அவளிடமிருந்து படம் வரவில்லை. கேட்டால், குழந்தைக்குச் சளி என்றாள். அடுத்த முறை, அவள் அம்மா வீட்டில் பலாப்பழம் வெட்டு, போய்வர வேண்டியதாகிவிட்டது என்றாள். பிறகு லேப்டாப் சூடாகிறது என்றாள். பத்து நாள் ஓடியது. ஆய்விதழ் கொடுத்த அவகாசத்தில் இரண்டு வாரம்தான் மிச்சம்.

எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. செந்திலுக்குப் போன் போட்டு, ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் முடித்துத் தர வேண்டாமா, வீட்டில் இருக்கிறவளுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டேன். அவன் வெளியே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “அக்கா, பத்து நாளா சமையலே நான்தான் பண்றேன். அவ அந்த லேப்டாப்ப விட்டு எழுந்திரிக்கறதே இல்ல. என்னா ஏதுன்னு நீயே அவகிட்ட கேளு” என்றான்.

அன்று சனிக்கிழமை. இங்கே மத்தியானம், அங்கே சாயந்திரம். மகிழினி தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்து மேசையில் வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் பள்ளியை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதனால் அவள் தாத்தாவிடம் “என்ன செய்யிறியள் தாத்தா?” என்று கேட்பாள். அவர் பாதி புரியாமல் “நல்லா கீறேன்டா கண்ணு” என்பார்.

வீடியோவில் சுதாவின் முகம் வாடியிருந்தது. அவளுக்குப் பின்னால் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவள் பேசினாள்.

“பெருசா போட்டா வரல அண்ணி. எரநூறு வரைக்கும் உங்க கோட்டுமேலயே நிக்குது. நாநூறு போட்டா கீழ எறங்குது. ஆயிரம் போட்டா இன்னும் எறங்குது. நின்னு நெலைக்கவே மாட்டேங்குது.”

நிரலில் தப்பு இருக்கும் என்றேன்.

“நானும் அப்டிதான் நெனச்சேன். மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து எழுதினேன். ரெண்டாவது தடவையும் எழுதிட்டேன். அதேதான் வருது. அதான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம…”

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதெல்லாம் செப்டம்பர் மாதம், பிரபுவின் வேலை, மகிழினியின் பள்ளிக்கூடம். அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை என்று நினைக்கிறேன். சத்தமாகப் பேசிவிட்டேன். “சுதா, இது நீ கம்பெனியில பாத்த டெஸ்டிங் இல்ல. இதுக்குக் கொஞ்சம் பிசிக்ஸ் தெரிஞ்சிருக்கணும். உன்கிட்ட கொடுத்தது என் தப்பு.”

பின்னால் அப்பா எழுந்து அறையை விட்டுப் போனது தெரிந்தது. “எல்லா ஃபைலும் அனுப்பறேன் அண்ணி, நீங்களே ஒருதடவ ஓட்டிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, நான் போனை வைக்கும்வரை காத்திருந்தாள். அவளாக வைக்கவில்லை.

மகிழினி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜெர்மனில் கேட்டாள். வீட்டில் என்னோடு அவள் பேசுவது முக்கால்வாசி இப்போது அந்த மொழியில்தான். சுதா ஏன் திருப்பிக் கத்தவில்லை என்று கேட்டாள். அத்தை என்று சொல்லப் பழக்கியும் அவளுக்குப் பெயர்தான் வாயில் வருகிறது. நான் அவளுடைய நாத்தனார், அதாவது அவள் கணவனுடைய அக்கா, எங்கள் ஊரில் திருப்பிக் கத்த மாட்டார்கள் என்று சொன்னேன். நாத்தனார் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் சொல்லைத் தேடி, ஷ்வேகரின் என்றேன்.

“அப்போ அவ உனக்கு என்ன?”

அவளும் ஷ்வேகரின்தான். ஜெர்மனில் கணவனின் அக்காவுக்கும் தம்பியின் மனைவிக்கும் அந்த ஒரே சொல்தான். மகிழினி அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் இரண்டு பேரும் ஒன்றுதானே என்று சொல்லிவிட்டு மறுபடி வரையத் தொடங்கினாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. குப்பையைக் கொட்டப் போவதுபோலக் கீழே இறங்கிப்போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

5

அடுத்த நான்கு நாளும் பல்கலைக்கழகத்தில் சுதாவின் நிரலை வரி வரியாகப் படித்தேன். உண்மையைச் சொன்னால், தப்பு தேடித்தான் படித்தேன். கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆசை.

நிரலுக்கு நடுவே அவள் தமிழில் குறிப்புகள் எழுதியிருந்தாள். “அண்ணி சொன்ன ஏழாவது விதி.” “ஓரத்துக் கட்டத்துக்கு எதிர்ப்பக்கம்தான் பக்கத்து வீடு.” ஓரிடத்தில், “இங்க தப்பு இல்ல, மூணு தடவ பாத்தாச்சு.” இன்னோர் இடத்தில், “மறுபடியும் பாத்தாச்சு.” தேதி போட்டிருந்தாள். பலாப்பழம் வெட்டு என்று அவள் சொன்ன நாள் அது.

கடைசியில் தனியாக ஒரு கோப்பு. அதன் பெயர் ‘அண்ணி சரியா’. அதை ஓட்டினேன். அதில் அவள் பாரம் பரவும் தூரத்தைக் கட்டம் முழுவதற்கும் நீட்டியிருந்தாள். அதாவது, நான் தாளில் வைத்துக்கொண்டதுபோலவே, எல்லோரும் எல்லாப் பாரத்தையும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஐம்பதிலிருந்து ஆயிரம்வரை எந்த அளவிலும் என் சூத்திரத்தின் எண் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம்வரை அப்படியே வந்தது.

நிரல் சரியாக இருந்தது. என் கணக்கும் சரியாக இருந்தது. தப்பு, கணக்கைத் தொடங்குவதற்கு முன் நான் எழுதிய ஒரு வரியில் இருந்தது. ஈரம் பாரத்தை வெகுதூரம் கொண்டுபோகும்தான். ஆனால் அந்தத் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு; சுதா கேட்டபோது அது இத்தனை கட்டம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். மொத்தக் கட்டங்கள் குறைவாக இருக்கும்போது அந்த எல்லைக்குள்ளேயே எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள், எல்லோரும் எல்லோருக்கும் பக்கத்து வீடு. கட்டங்கள் கூடினால் அப்படி இல்லை. ஓரிடத்தில் உடைந்தது பக்கத்தில் இருப்பவர்கள் தலையில் மட்டும் விழுகிறது. அவர்கள் உடைகிறார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு விஷயமே தெரிவதில்லை. ஆகவே மேடு பெரிதாகப் பெரிதாக அது தாங்கும் அளவு குறைந்துகொண்டே போகிறது. என் ஒற்றை எண் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இரண்டரை வருட வேலை. நான் கணினியை அணைக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். கருத்துச் சொன்னவர் கேட்டது ஒரு சரிபார்ப்பு மட்டும்தான். எத்தனை கட்டம் என்று அவர் சொல்லவில்லை. ஐம்பது, நூறு, இருநூறு, மூன்று படங்களும் கையில் இருந்தன. மூன்றும் பொய் இல்லை. அவற்றை மட்டும் அனுப்பினால் கட்டுரை வந்துவிடும், கான்ட்ராக்ட் வந்துவிடும். நானூறு போட்டு ஓட்டியது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி என் பேச்சுக்கு எப்போதும் சரி சொல்கிறவள். இதை நான் இரண்டு முழு நாள் யோசித்தேன். கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

அனுப்பவிடாமல் தடுத்தது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. அந்தப் படங்களின் கீழே நிரல் எழுதியவர் என்று சுதாவின் பெயரைப் போட்டிருந்தேன். அவள் அதைப் படிப்பாள். பெரிய கட்டம் எங்கே என்று கேட்க மாட்டாள். “சரிங்க அண்ணி” என்றுதான் சொல்லுவாள். அதை இன்னொரு தடவை அவள் வாயிலிருந்து வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாப் படங்களையும் மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஆயிரம் கட்டப் படத்தில் விரலை வைத்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார். என் தம்பியின் மனைவி என்றேன். எங்கே வேலை பார்க்கிறார் என்றார். எங்கேயும் இல்லை, வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவோம், இரண்டு வருடம் என்று இனி என்னால் கேட்க முடியாது என்றார். குரலில் கோபம் இல்லை.

அங்கிருந்து நேராக வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நெய்வேலிக்குப் போன் போட்டேன். எடுத்தது சுதா.

“நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது. அன்னைக்கு உன்ன அப்படிப் பேசினதும் தப்பு. அதுக்கு முன்னாடி, சென்னை வேலைய விடச் சொன்னேனே, அதுவும்.”

பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.

“வேலைய வுட்டது நானும் சரின்னுதான் அண்ணி வுட்டேன். உங்கமேல மட்டும் பழி போட முடியாது” என்றாள் கடைசியில். “ஆனா பிசிக்ஸ் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது ரெண்டு நாளு சாப்பாடு எறங்கல. தெரியாதுதான். தெரியாமதானே முப்பத்தோரு கேள்வி கேட்டேன்.”

என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் குறை அது. அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருடத்தில் முதல் முறை. கேட்டுக்கொண்டேன்.

6

செப்டம்பர் முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது பேராசிரியர் வேறொரு திட்டத்தில், மாணவர்களுக்கு ஆய்வகப் பாடம் எடுக்கும் வேலைக்கு, எட்டு மாதக் கான்ட்ராக்ட் வாங்கிக் கொடுத்தார். வெளிநாட்டவர் அலுவலகம் அதற்கேற்ப எட்டு மாத விசா கொடுத்தது. இந்த முறை ஃபெர்ட்ராக் என்பதைச் சரியாகச் சொன்னேன். அந்த எட்டு மாதம் முடிந்து இப்போது இன்னொரு ஒரு வருடம் ஓடுகிறது. அப்பாவிடம் சொன்னபோது, “எனக்கு ஆறு மாசம் ஆறு மாசமாத்தானே போட்டானுவ, உனக்கு ஒரு வருசம், பரவால்ல” என்றார். அதை அவர் ஆறுதலாகச் சொன்னாரா கணக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

குளிர்காலம் முழுக்க சுதாவும் நானும் மறுபடி எழுதினோம். மேடு பெரிதாகும்போது தாங்கும் அளவு எப்படிக் குறைகிறது, எந்த அளவுக்குக் கீழே என் பழைய சூத்திரத்தை நம்பலாம், எதற்கு மேலே நம்பக்கூடாது என்பதுதான் புதிய கட்டுரை. முன்னதைப்போல அழகாக இல்லை. ஒரு வரியில் சொல்ல முடியாது. ஆய்வகத்துக் கணினியை அவள் அங்கிருந்தே பயன்படுத்த அனுமதி வாங்கித் தந்தேன். அப்பாவுக்குக் காவல் வேலை போய்விட்டதில் கொஞ்சம் வருத்தம்.

கட்டுரையை அனுப்பும் இணையப் பக்கத்தில் ஆசிரியர்கள் இருவரின் நிறுவனத்தையும் நிரப்பச் சொன்னார்கள். சுதாவின் கட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடவில்லை. இல்லத்தரசி என்று போடலாமா என்று அவளே கேட்டாள். அந்தப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. குவார்ட்டர்ஸ் முகவரியைப் போட்டோம், நிறுவனத்தின் பெயர் இல்லை என்று திரும்பி வந்தது. ஆய்விதழ் அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதிய பிறகு, தனி ஆய்வாளர், நெய்வேலி, இந்தியா என்று போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். பெயருக்கு முன் யாருடைய முதலெழுத்தைப் போடுவது என்று ஒரு நாள் யோசித்துவிட்டு, செந்திலின் எழுத்தை விட்டுவிட்டுத் தன் அப்பாவின் எழுத்தைப் போடச் சொன்னாள். செந்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், இரண்டு நாளில் சரியாகிவிட்டான் என்று பிறகு சொன்னாள்.

கட்டுரை போன மாதம் வெளிவந்தது. சுதா இப்போது வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு இரண்டு இடங்களில் நேர்காணல் முடித்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் காடாம்புலியூரில் அம்மா வீட்டில் இருந்தாள். நான் போனில் நேர்காணலைப் பற்றித்தான் கேட்கத் தொடங்கினேன். அவள் அதை ஒதுக்கிவிட்டு வேறு ஒன்றைச் சொன்னாள்.

“அண்ணி, நீங்க பி.எச்டி.யில எழுதின பேப்பர் இருக்குல்ல, அதத் தேடி எடுத்துப் படிச்சேன். மூணாவது பக்கத்துல பாருங்க. பாரத்த எல்லாரும் சமமா பகிர்ந்துக்குறாங்கன்னு வெச்சுக்குவோம்னு அதுலயும் எழுதியிருக்கீங்க.”

எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வரி எனக்கு மனப்பாடம். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பேராசிரியர் என்னை இங்கே கூப்பிட்டார். அதன் பிறகு நான் எழுதிய எல்லாவற்றிலும் அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

“அதையும் ஓட்டிப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டாள். குரலில் தயக்கம் எதுவும் இல்லை.

அவள் அவசரப்படுத்தாமல் இருந்தாள்.

“ஓட்டு” என்றேன். “பெரிய கட்டத்துலயே ஆரம்பி.”